ஐந்து முறை வந்து அழைத்தவர்கள்

தமிழகத்திலிருந்து மேற்கே செல்வோருக்கு மேற்குத் தொடர்ச்சி மலை சில வாயில்களைத் திறந்து வைத்திருக்கிறது. அவற்றுள் அகன்றது பாலக்காட்டுக் கணவாய். தெற்கே, கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து குமுளிக்கும் போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டுக்கும் ஏறிச்செல்லும் மலைப்பாதைகள் உள்ளன. 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மொழிவாரி மாநிலங்கள் அமைந்தபோது, தமிழர் பெருந்தொகையினராக வாழ்ந்த தேவிகுளம், பீர்மேடு, சித்தூர் ஆகிய பகுதிகள் கேரளத்தின்பாற் சென்றன. முன்னைய இரண்டும் இன்று இடுக்கி மாவட்டத்தில் உள்ளன. சித்தூர் பாலக்காடு மாவட்டத்தைச் சேர்ந்தது. பிற மாநிலங்களில் வாழும் தமிழ் மக்களாகிய நீங்கள், இவ்வெல்லைப்புறத் தமிழரின் வாழ்வை எளிதில் உணர்ந்துகொள்ளக் கூடியவர்கள். அப்பகுதியில் நடைபெற்ற கிறிஸ்தவ ஊழியத்தின் வரலாற்றில் ஒரு பகுதியை இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

எளியோர் நெருங்கி வாழும் இடத்திற்குச் சென்று, அவர்களிடையே தங்கி ஊழியம் செய்தல் என்றால், பெரும்பாலோர் நினைவுக்கு வருவது பெருநகரங்களே. 1865-ஆம் ஆண்டு வில்லியம் பூத் என்பவர் லண்டன் மாநகரின் கிழக்குப் பகுதியில், வறுமையும் குடியும் மலிந்திருந்த தெருக்களில் தமது பணியைத் தொடங்கினார். அதுவே பின்னர் இரட்சணிய சேனையாக வளர்ந்தது. 1884-இல் அதே பகுதியில் டாயின்பி மண்டபம் நிறுவப்பட்டது. கற்ற இளைஞர்கள் ஏழை மக்களுக்குத் தொலைவிலிருந்து தருமம் செய்வது போதாது, அவர்களுக்கு அண்டை வீட்டாராகவே குடியிருக்க வேண்டும் என்பது அதன் கொள்கை. இதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னரே, 1882-இல், இரட்சணிய சேனையின் முதல் ஊழியர்கள் பம்பாயில் வந்து இறங்கியிருந்தனர்.

நகரச் சேரியின் நெருக்கம் மலையிலும் உண்டு. தேயிலைத் தோட்டத்து லயங்களைக் கண்டவர்கள் இதை அறிவர். வரிசையாகக் கட்டிய அறைகள், அறைக்கு ஒரு குடும்பம், வீட்டுக்கு வீடு ஒரே சுவர், வெளியுலகோடு தொடர்பின்மை ஆகியவற்றை நோக்கினால், லயம் என்பது மலைமேல் ஏற்றி வைத்த நகரச் சேரியே எனலாம். நகரமாயினும் மலையாயினும், இத்தகைய இடத்திற்கு வந்த ஊழியரைப் பற்றி வரலாறு கேட்கத்தக்க கேள்வி ஒன்று உண்டு. இவரை அழைத்தவர் யார்? இக்கேள்விக்கு இடுக்கி மலையடிவாரத்திலே கிடைக்கும் விடை வியப்பூட்டுவது.

திருவிதாங்கூரில் கர்னல் மன்றோ ரெசிடெண்டாக இருந்த காலத்தில், ஆங்கிலத் திருச்சபையைச் சார்ந்த சர்ச் மிஷன் சங்கத்தார் கோட்டயத்திற்கு வந்தனர். பெஞ்சமின் பெய்லி, ஜோசப் ஃபென், ஹென்றி பேக்கர் ஆகிய மூவரும் அக்காலத்தில் புகழ்பெற்றவர்கள். இவர்களுள் பேக்கரின் வாழ்வு தமிழகத்தோடு பிணைந்தது. அவருடைய மனைவியார் அமேலியா டொரோதியா, தஞ்சாவூரில் ஊழியம் புரிந்த கோலாஃப் குடும்பத்தில் பிறந்தவர். அக்குடும்பம் தரங்கம்பாடி மிஷனில் வேரூன்றியது. தஞ்சையில் புகழ்பெற்ற சுவார்ட்ஸ் ஐயரின் வழியில் வந்தது. தஞ்சைத் தரணியிலிருந்து கோட்டயம் சென்ற இந்த அம்மையார், அங்கே பெண் குழந்தைகளுக்குக் கல்வி புகட்டுவதில் முன்னோடியாக விளங்கினார். இத்தம்பதியரின் மகனும் ஹென்றி பேக்கர் என்றே பெயர் பெற்றார். நாம் காணப்போவது இந்த இளைய பேக்கரின் வரலாறே.

இளைய பேக்கர் கோட்டயத்திற்குத் தெற்கே பள்ளம் என்னும் ஊரில் பணியாற்றி வந்தார். 1840-களின் இறுதியில், கிழக்கு மலைச்சரிவுகளில் வாழ்ந்த மலையரையர் என்னும் மலைவாழ் மக்களின் மூப்பர்கள் அவரைத் தேடி வந்தனர். தங்கள் பிள்ளைகளுக்கு எழுத்தறிவு வேண்டும், நன்னெறி கற்பிக்க ஒருவர் வேண்டும் என்பதே அவர்களது வேண்டுகோள். ஒருமுறை கேட்டு ஓய்ந்துவிட்டவர்கள் அல்லர். காட்டு வழியே நடந்து ஐந்து முறை வந்தனர். ஐந்தாம் முறை வந்தபோது, எங்களைப் புறக்கணிப்பது உமக்குத் தகுமா என்று நேருக்கு நேரே கேட்டனர். அதன் பின்னரே பேக்கர் மலையேறினார்.

ஊழியர் ஒருவர் மக்களைத் தேடிச் சென்றார் என்றே மிஷன் வரலாறுகள் பொதுவாகத் தொடங்கும். இங்கோ மக்கள் ஊழியரைத் தேடி வந்தனர். அவர்களை இவ்வளவு தூரம் நடக்கச் செய்தது எது?

மலையரையர் நாடோடிகள் அல்லர். மலைச்சரிவுகளில் காட்டை வெட்டி எரித்துப் பயிர் செய்தனர். நல்ல வீடுகள் கட்டி, ஊர்களாக அமைந்து வாழ்ந்தனர். இறந்த முன்னோரின் ஆவிகள் மலைச் சிகரங்களிலும் பாறைகளிலும் உறைகின்றன என்பது அவர்கள் நம்பிக்கை. இறந்தவருக்குச் சிறு கற்பலகைகளால் கல்லறை அமைத்து, அதனுள் அவரைக் குறிக்கும் கல்லையோ உலோக உருவத்தையோ வைத்து, விளக்கேற்றி, கள்ளும் பண்டமும் படைத்து வழிபட்டனர். ஆயினும் சமவெளியின் அதிகாரம் அவர்களை மலைமேலும் விடவில்லை. நிலத்திற்கு உரிமை கொண்டாடிய தலைவர்களுக்கு வரியும் காணிக்கையும் செலுத்த வேண்டியிருந்தது. கூலியின்றி ஊழியம் செய்ய வேண்டியிருந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவனுக்குத் தான் செலுத்தியது எவ்வளவு, செலுத்த வேண்டியது எவ்வளவு என்பது எவ்வாறு விளங்கும்?

அக்காலத் திருவிதாங்கூரின் நிலையையும் இங்கே நினைவிற் கொள்ள வேண்டும். மனிதரை விற்பதும் வாங்குவதும் அங்கே வழக்கத்தில் இருந்தன. 1847-இல் சர்ச் மிஷன் சங்கத்தாரும் லண்டன் மிஷன் சங்கத்தாரும் கூடி, அடிமை முறையை ஒழிக்குமாறு மகாராஜாவுக்கு விண்ணப்பம் அளித்தனர். 1855-ஆம் ஆண்டின் பிரகடனத்தாலேயே அம்முறை சட்டப்படி முடிவுக்கு வந்தது. மலையரையர் விற்கப்படும் அடிமைகள் அல்லர். எனினும் தாழ்த்தப்பட்டோரின் குறையை அரண்மனை வரை எடுத்துச் சொல்லக் கூடியவர்கள் எவர் என்ற செய்தி மலைக்கும் எட்டியிருக்கும் என்று கருத இடமுண்டு. ஆன்மாவின் தாகமும், எழுத்தின் மீதுள்ள வேட்கையும், பாதுகாப்பைத் தேடும் மனமும் அவ்வழைப்பிலே கலந்திருந்தன எனலாம். இவற்றுள் ஒன்றை மட்டும் எடுத்து, இதுவே உண்மைக் காரணம் என்று கூறுவது மனித உள்ளத்தை அறியாதவர் கூற்றாகும்.

1849-ஆம் ஆண்டை ஒட்டி, மலையடிவாரத்திலுள்ள முண்டக்கயத்தில் பேக்கர் காட்டைத் திருத்தி, தங்குமிடமும் பள்ளியும் வழிபாட்டுக்கூடமும் அமைக்கத் தலைப்பட்டார். யானைகள் உலாவும் காடு அது. அதனினும் கொடியது மலைக்காய்ச்சல். மலேரியாவைப் பரப்புவது கொசு என்ற உண்மையை ரொனால்டு ராஸ் செகந்தராபாத்தில் கண்டறிந்தது 1897-இல்தான். அதற்கு ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் முன்னர், காய்ச்சலுக்குக் காரணம் காட்டின் தீய காற்று என்றே கற்றோரும் எண்ணியிருந்தனர். அத்தகைய இடத்தில் வேரூன்றிய பணி, ஓராண்டு ஈராண்டில் முடிவுறவில்லை. பேக்கர் 1878-இல் மறையும் வரை அம்மக்களின் பெயரோடு அவர் பெயரும் இணைந்தே வழங்கிற்று.

கிறிஸ்தவ நெறியை ஏற்ற மூப்பர்கள், தங்கள் முன்னோரின் உருவங்களையும் விளக்குகளையும் கொணர்ந்து பேக்கரிடம் ஒப்படைத்தனர். அன்றைய மிஷன் ஏடுகள் இதனைப் பெரும் வெற்றியாகவே எழுதின. இன்று இதனைப் படிக்கும் நமக்கு உள்ளத்தில் ஒரு சஞ்சலம் எழாமல் இராது. எத்தனை தலைமுறைகளின் நினைவு அவ்விளக்குகளில் எரிந்திருக்கும்! அவை கைமாறியபோது அந்நினைவுகளில் எத்தனை அணைந்தனவோ! அதே வேளையில் மற்றொன்றையும் கூறுதல் நேர்மையாகும். மலையரையரைப் பற்றி 1862-இல் ஒரு நூல் எழுதி, அவர்களுடைய பழைய வழக்கங்கள் பலவற்றைப் பதிவு செய்தவரும் இதே பேக்கரே. அவ்வழிபாட்டை அகற்றிய கைதான் அதைப் பற்றிய குறிப்புகளையும் நமக்கு விட்டுச் சென்றது. மேலும், மலையரையர் அனைவரும் மதம் மாறிவிடவில்லை. பழைய நெறியில் நின்றோரும் பலர். ஒரே குடியினுள் இரு வழிபாடுகள் தோன்றியதால் உறவுகளிடையே விலகலும் உண்டாயிற்று. ஊழியத்தின் கணக்கில் வரவோடு இச்செலவையும் எழுதியாக வேண்டும்.

இனி, சிறிது வடக்கே, பாலக்காட்டு வாயிலுக்கு வருவோம். அங்கே 1858-இல் வந்தவர்கள் சுவிட்சர்லாந்தைத் தலைமையிடமாகக் கொண்ட பாசல் மிஷனார். இவர்கள் பணியில் வேறொரு சிக்கல் எழுந்தது. ஒருவன் கிறிஸ்தவனாக மாறினால் குலத்தை இழந்தான்; குலத்தோடு தொழிலையும் இழந்தான். தறியும் ஏரும் குலத்தைச் சார்ந்திருந்த காலம் அது. பிரசங்கம் கேட்டவனுக்கு மறுநாள் உணவு எங்கிருந்து வரும்? பாசல் மிஷனார் இதற்குக் கண்ட வழி தொழிற்சாலை. நெசவுச் சாலைகளையும், 1865-இல் மங்களூரில் தொடங்கி மலையாளக் கரையின் பல ஊர்களில் ஓட்டுத் தொழிற்சாலைகளையும் நிறுவினர். மங்களூர் ஓடு என்று நாம் இன்றும் வழங்கும் பெயரில் அவ்வரலாறு தங்கியிருக்கிறது. பிழைப்புக்கு வழி காட்டினர் என்பது சிறப்பு. குருவே முதலாளியும் ஆனபோது, கூலியைப் பற்றி வாய்திறக்க விரும்பியவன் யாரிடம் முறையிடுவான் என்பது அதனோடு ஒட்டிப் பிறந்த கேள்வி.

இக்கேள்வி மேலும் கூர்மை பெற்றது தோட்டங்களிலேதான். பேக்கர் முண்டக்கயத்தில் காடு திருத்திய காலத்தை அடுத்து, 1860-களில் பீர்மேட்டு மலையில் காப்பித் தோட்டங்கள் தோன்றலாயின. ஊழியர் ஏறிய மலையில் துரைமாரும் ஏறினர். பேக்கர் குடும்பத்திலும் இவ்விரு வழிகளும் பிரிந்தன. இளைய பேக்கர் மலைமக்களிடையே உழைத்திருக்க, அவர் உடன்பிறந்த ஆல்ஃபிரட் ஜார்ஜ் பேக்கர் குமரகத்தில் காயல் நிலத்தை மீட்டுப் பெரும் தென்னந்தோட்டம் கண்டார். வடக்கே, 1877-இல் ஜான் டேனியல் மன்றோ, பூஞ்சாற்றுத் தலைவரிடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்குப் பெற்றார். 1897-இல் அங்கே கண்ணன் தேவன் கம்பெனி நிறுவப்பட்டது. காப்பியும் சின்கோனாவும் இருந்த இடங்களைத் தேயிலை மூடிற்று.

தேயிலை பறிக்கக் கைகள் வேண்டும். அக்கைகளைத் தந்தது தமிழ்நாடு. மதுரை, திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து பஞ்சத்தாலும் கடனாலும் துரத்தப்பட்ட குடும்பங்கள், கங்காணி தந்த முன்பணத்தை வாங்கிக்கொண்டு மலையேறின. முன்பணமே விலங்காயிற்று. 1859-ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் இந்திய அரசு இயற்றிய ஒப்பந்த முறிவுச் சட்டம், முன்பணம் பெற்ற வேலையாள் பணியை விட்டு நீங்கினால் அதனைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. அச்சட்டத்தின் நிழல் தென்னாட்டு மலைத் தோட்டங்கள் யாவற்றின் மீதும் படிந்திருந்தது. இவ்வாறு மலைமேல் குடியேறிய தமிழர்க்குச் சொந்த வீடு இல்லை. வேலை உள்ளவரையே லயத்தில் இடம்.

இம்மக்களிடையே ஊழியம் செய்ய வந்தவர்களை அழைத்தவர் யார்? இலங்கையின் வரலாறு இதற்குத் தெளிவான உதாரணம் தருகிறது. கண்டிச் சீமையின் காப்பித் தோட்டங்களில் வேலை செய்த தமிழர்க்கென 1854-இல் ஒரு மிஷன் தொடங்கப்பட்டது. ‘தமிழ்க் கூலி மிஷன்’ என்பது அதற்கு இட்ட பெயர். அப்பெயரின் இழிவைப் பிற்காலத்தார் உணர்ந்து மாற்றினர். அங்கே சென்று லயங்களில் போதித்தவர்கள் திருநெல்வேலித் திருச்சபையிலிருந்து புறப்பட்ட தமிழ் உபதேசியார்கள். தம் மக்களின் மொழியும் பாட்டும் பசியும் அறிந்தவர்கள். ஆனால் அவர்கள் பணிக்கு வேண்டிய பொருளைப் பெரிதும் அளித்தவர்கள் தோட்டத் துரைமார். உபதேசியார் நோயுற்றவனுக்காக ஜெபிக்கலாம், பிள்ளைக்கு எழுத்துக் கற்பிக்கலாம், குடியை விடுமாறு குடும்பத் தலைவனுக்கு அறிவுரை கூறலாம். கங்காணியின் கணக்குப் புத்தகத்தைக் காட்டுமாறு கேட்க அவரால் இயலுமோ? இது அவ்வுபதேசியார்களின் நேர்மையைக் குறைத்துக் கூறுவதன்று. இரு பக்கத்தார்க்கும் நடுவே நின்றவரின் இக்கட்டைக் கூறுவதேயாகும்.

இடுக்கி மலைமேல் உள்ள மூணாற்றில் இக்கதையின் அடுத்த அத்தியாயத்தைக் காணலாம். அங்கே கல்லறை முந்தியது, ஆலயம் பிந்தியது. 1894-இல் எலினார் நைட் என்னும் ஆங்கில இளநங்கை வாந்திபேதியால் உயிர்நீத்தார். அவரைக் குன்றின்மேல் அடக்கம் செய்தனர். அக்குன்றின் அடியில் 1910-இல் கட்டத் தொடங்கிய கிறிஸ்து ஆலயம், 1911-இல் வழிபாட்டுக்குத் திறக்கப்பட்டது. கத்தோலிக்க சமயத்தார் இதற்கு முன்னரே, 1898-இல், ஸ்பெயின் நாட்டுக் கார்மேல் சபைக் குருவான அல்போன்ஸ் அடிகளின் முயற்சியால் கார்மேல் மாதாவின் ஆலயத்தை அங்கே நிறுவியிருந்தனர். துரைமார் தங்களுக்கெனக் கட்டிய கிறிஸ்து ஆலயத்தில் இன்று தமிழில் வழிபாடு நடைபெறுகிறது. பலகைகளில் ஆங்கிலப் பெயர்கள் இருக்கின்றன. பாடும் குரல்கள் தோட்டத் தொழிலாளரின் வழிவந்தவர்களுடையவை. கட்டியவர்கள் கப்பலேறிச் சென்றுவிட்டனர். வேலைக்கு வந்தவர்கள் ஆலயத்திற்கும் உரியவர்களாயினர்.

இனி நாம் தொடங்கிய கேள்விக்குத் திரும்புவோம். அழைத்தவர் யார் என்பது ஏன் முக்கியமானது? அழைத்தவன் ஏதேனும் ஒன்றைக் கேட்டே அழைக்கிறான். துரைமார் அழைத்தால், ஒழுங்கும் அமைதியும் உள்ள வேலையாட்களை வேண்டுவர். மிஷன் சங்கம் அனுப்பினால், ஞானஸ்நானம் பெற்றோரின் தொகையை அறிய விரும்பும். மலையரைய மூப்பர் கேட்டதோ பள்ளிக்கூடம். வந்தவர் தாம் தர விரும்பியதையும் தந்தார். அவர்கள் கேட்டதையும் தந்தார். அதனால்தான் அப்பணி வந்தவரோடு மறைந்துவிடவில்லை என்று நான் கருதுகிறேன். மேலுகாவு என்னும் மலையூரில் 1981-இல் தோன்றிய கல்லூரி ஹென்றி பேக்கரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. 1983-இல் தென்னிந்தியத் திருச்சபையின் கிழக்குக் கேரளப் பேராயம் மேலுகாவைத் தலைமையிடமாகக் கொண்டு அமைந்தது. ஒரு காலத்தில் மலையிறங்கி வந்து ஆசிரியரை வேண்டிய மக்களிடையே பேராயரின் இருக்கையே அமைந்தது.

பழைய நெறியில் நின்ற மலையரையரும் கல்வியில் பின்தங்கிவிடவில்லை. அவர்களது மகாசபை, முண்டக்கயத்தை அடுத்த முரிக்கும்வயலில் ஸ்ரீ சபரீசர் பெயரால் ஒரு கல்லூரியை நடத்தி வருகிறது. அன்று மூப்பர்கள் கேட்ட வரம் ஒரு சமயத்தாரோடு நின்றுவிடவில்லை என்பதற்கு இது சான்று.

லயத்துத் தமிழர்க்கு இத்தகைய நற்பேறு விரைவில் வாய்க்கவில்லை. 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், வீடு, குடிநீர், மருத்துவம், குழந்தைகளின் கல்வி ஆகியவற்றைத் தோட்ட உரிமையாளரின் கடமையாக்கியது. ஆயினும் தங்கள் குரலால் தாங்களே கேட்கும் நாள் வர நெடுங்காலம் ஆயிற்று. 2015-ஆம் ஆண்டு செப்டம்பரில், போனஸ் 20 விழுக்காட்டிலிருந்து 10 விழுக்காடாகக் குறைக்கப்பட்டபோது, மூணாற்றில் ஆயிரக்கணக்கான தமிழ்ப் பெண் தொழிலாளர்கள் கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சாலையில் அமர்ந்தனர். ‘பெண்பிள்ளை ஒருமை’ என்று பொருள்படும் ‘பொம்பிளை ஒருமை’ என்பது அவர்கள் சூடிய பெயர். தங்களுக்காகப் பேச வந்த தொழிற்சங்கத் தலைவர்களையும் அவர்கள் விலக்கி வைத்தனர். ஒன்பது நாட்களில் 20 விழுக்காடு மீண்டும் கிடைத்தது. எழுத்தறிவு வேண்டி நடந்த மூப்பர்களும், நியாயம் வேண்டி அமர்ந்த அப்பெண்களும் ஒரு வகையில் உறவினரே. தமக்கு வேண்டியது இன்னதென்பதை இரு சாராரும் நன்கு அறிந்திருந்தனர்.

நேயர்களே, நீங்கள் வாழும் பம்பாயிலும் பெங்களூரிலும் டில்லியிலும் நெருக்கமான தெருக்கள் உண்டு. அங்கே தமிழ்க் குடும்பங்களும் உண்டு. அவர்களுக்கு உதவ வேண்டும் என்ற நல்லெண்ணம் கொண்ட சங்கங்களும் சபைகளும் உண்டு. உதவி செய்யப் புறப்படுமுன், அத்தெருவார் இதுவரை எவரிடமேனும் எதையேனும் கேட்டிருக்கின்றனரா என்று விசாரிப்பது நன்று. பேக்கரின் பெருமையை நாம் போற்றுவோம். ஆனால் அவர் ஐந்தாம் அழைப்பிற்கே எழுந்தார் என்பதையும் மறவாதிருப்போம். முதல் நான்கு முறையும் காட்டு வழியே வெறுங்கையுடன் திரும்பி நடந்தவர்கள், ஐந்தாம் முறையும் வந்தார்களே, அவர்களுடைய பெருமை அதனினும் சிறியதன்று.